மூளைக்காயத்திற்குப் பின் அன்றாடச் செயல்பாடு: தருமபுரி வீடுகளும் பார்தெல் அளவீடும்

பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாயில் சரிந்து இறங்குகிறது. கட்டுப்பாடிழந்த லாரிகள் மோதும் விபத்துகளால் அவ்விறக்கம் அறியப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உயிர் பிழைத்தபின், தலையில் காயமுற்றவர் தம் வீட்டில் எவ்வளவு தாமாக இயங்குகிறார் என்பதை எவ்வாறு அளப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

மஹோனியும் பார்தெல்லும் 1965இல் வெளியிட்ட அளவீடு, உண்ணல், குளித்தல், உடுத்தல், படியேறல் முதலான பத்துச் செயல்களுக்கு 100 வரை மதிப்பெண் தருகிறது. அவற்றுள் ஒன்று நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே மாறுதல். பாயில் படுத்து, தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டில் முதற்சோதனை தரையிலிருந்து எழுவதே. அதற்கு முழங்காலும் இடுப்பும் ஆழ மடங்க வேண்டும். உடற்பாரம் முன்சாய்ந்து பாதத்திற்கு மாற வேண்டும். ஒருபக்கத் தளர்ச்சியோ சிறுமூளைக் காயத்தால் வரும் தள்ளாட்டமோ உடையவர், நாற்காலியிலிருந்து எழும் மதிப்பெண்ணை முழுமையாகப் பெற்றும் பாயிலிருந்து எழ இயலாமற் போகலாம். குந்தும் கழிப்பறைக்கும் இது பொருந்தும்.

சமையல் இவ்வளவீட்டில் இல்லவே இல்லை. 1969இல் வந்த லாட்டன் – பிராடி அளவீடு அதைச் சேர்த்தது. எனினும் படிகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இம்மாவட்டத்தின் கேழ்வரகுக் களியை எடுத்துக்கொள்வோம். உலை கொதித்தபின் மாவிட்டு, வேகவிட்டு, கட்டிபடாமல் கிளற வேண்டும். ஒரு கை பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, மறுகை கிளறுகிறது. நெற்றிமடல் காயமுற்றவருக்குக் கைவலு இருக்கும். ‘அடுத்தது என்ன’ என்பது நழுவும். கொதிக்குமுன் மாவு விழும், அல்லது அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும். உறவினர் இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கொள்வதுதான் பெருந்துயரம். ஒரே இடம், ஒரே வரிசை, ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் நினைவூட்டல் என்று நாள்தோறும் செய்வித்தால் பழக்கம் ஓரளவு திரும்பும். பாசத்தால் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டால் பயிற்சி அன்றோடு நின்றுவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் விபத்துவழி மூளைக்காயம் தனிவகையாக இல்லை. கால் தளர்ந்தவர் இயக்கக் குறைபாடு என்னும் வகையில் இடம்பெறுவார். நன்றாக நடந்தும் களி கிளற இயலாதவரின் குறை சான்றிதழில் எளிதில் பதிவாவதில்லை.

2004 வரை தருமபுரி மாவட்டத்திற்குட்பட்டிருந்த சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீட்டிற்கே வரும் இயன்முறை சிகிச்சை அதன் ஒரு கூறு. அச்சிகிச்சையாளர் பாயையும் வாசற்படியையும் அடுப்பையும் நேரில் காண்கிறார். பார்தெல் மதிப்பெண்ணுக்கு அருகிலேயே தரையெழல், குந்தல், களி கிளறல் ஆகிய மூன்றையும் அவர் குறித்துவைக்க இயலும்.