மூளைக்கட்டிக்கு ஊசி வந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் தலைநகரில் உள்ள நம்மவர்கள் பலரைப் பார்த்துவிடலாம். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வஞ்சிரம் என்று எல்லாம் கிடைக்கிற இடமாயிற்றே! காய்கறிப் பையோடு பெரிய ஸ்கேன் உறையையும் சுமந்து நிற்பவர்களும் அங்கே உண்டு. எய்ம்ஸ் மருத்துவமனை ஒரு மெட்ரோ ஸ்டேஷன் தூரம்தான். ஊரிலிருந்து நோயாளியை அழைத்து வந்து, வாடகை அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

அப்படி வந்த ஒருவர் அரிசிக் கடையில் நம்மிடம் பேச்சுக் கொடுத்தார். தம்பிக்கு மூளையில் கட்டியாம். "சார், நம்ம உடம்பு சக்தியை வைத்தே கேன்சரைக் கொல்கிற ஊசி வந்துவிட்டதாமே? நிலத்தை விற்றாவது போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

கேள்வியில் பாதி உண்மை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை உண்டு. நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவதே கார்-டி சிகிச்சை. மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினர் டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து இதை உருவாக்கினார்கள். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் மருந்துக்கு மட்டும் மூன்று கோடி ரூபாய்க்கு மேல் ஆவது, இங்கே சில பத்து லட்சங்களுக்கு வந்தது. சாதனைதான். ஆனால் அந்த அனுமதி சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில்.

மூளை விஷயம் வேறு. பெரியவர்களுக்கு வரும் மிகக் கொடிய மூளைக்கட்டி க்ளியோபிளாஸ்டோமா. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைட் மாத்திரை என்பதே இன்றும் வழக்கமான சிகிச்சை. அந்த மாத்திரையைச் சேர்த்ததால் சராசரி ஆயுள் சுமார் 12 மாதத்திலிருந்து 15 மாதமானது என்று 2005-ல் நிரூபித்தார்கள். பல புற்றுநோய்களில் நன்றாக வேலை செய்த நிவோலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை, திரும்பி வந்த க்ளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய மருந்தைவிட ஆயுள் கூடவில்லை என்று 2020-ல் முடிவு வெளியானது.

ஏன்? கட்டியில் எல்லா அணுவும் ஒரே அடையாளம் தாங்குவதில்லை. அடையாளம் உள்ளவற்றை டி செல் கொன்றால், இல்லாதவை வளர்ந்துவிடுகின்றன. போதாததற்கு, வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டே எதிர்ப்புச் சக்தியையும் அமுக்குகிறது. டி செல்கள் போராடினாலும் வீக்கம் உண்டாகும். வயிற்றில் வீங்கினால் இடம் உண்டு. மண்டை ஓட்டுக்குள் ஏது இடம்?

இந்தச் சிக்கலோடுதான் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மிஷெல் மோன்ஜே என்ற பெண் டாக்டர் மல்லுக்கட்டி வருகிறார். பிள்ளைகளின் மூளைத்தண்டிலும் இளைஞர்களின் தண்டுவடத்திலும் வரும் ஒரு வகைக் கட்டியில் 'ஜி.டி.2' என்ற அடையாளம் நிறைந்திருப்பதை அவர் குழு 2018-ல் வெளியிட்டது. கிரிஸ்டல் மக்கால் என்பவரோடு சேர்ந்து, டி செல்களை முதலில் ரத்தக்குழாய் வழியாகவும் பிறகு நேரே மூளை நீரிலும் செலுத்தினார். வீக்கத்துக்குப் பயந்து தீவிரக் கண்காணிப்பு. 2024 நவம்பரில் வந்த அறிக்கைப்படி, சிகிச்சை பெற்ற 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. ஒருவருக்கு அடியோடு மறைந்து, 30 மாதத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. பதினொரு பேரில் ஒருவர்! வேறு வழியே இல்லாத நோயில் இது பெரிய செய்தி. ஆனால் இது சோதனை. கடையில் வாங்கும் ஊசி அல்ல.

நண்பரிடம் இதைத்தான் சொன்னோம். தம்பியின் கட்டி எந்த வகை என்று முதலில் எய்ம்ஸ் டாக்டரிடமே கேளுங்கள். யாராவது புது ஊசி என்று பணம் கேட்டால், அந்தச் சோதனையின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் எல்லாம் 2009 ஜூன் முதல் இந்தப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். சோதனைக்கான செலவை நோயாளி தலையில் கட்டக்கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.

அவர் எண்ணைக் கேட்கவேண்டும் என்பதை மட்டும் ஸ்கேன் உறையின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டார். நிலப் பேச்சை எடுக்கவில்லை.