ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பாலம்

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பாலம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே, டர்ட்டில் கிரீக் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கின் குறுக்கே அமைந்துள்ள நெடுஞ்சாலைப் பாலமாகும். 1932 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நடு வளைவு, அக்காலத்தில் அந்நாட்டின் மிக நீளமான கான்கிரீட் வளைவாக விளங்கியது.

பின்னணி

இப்பள்ளத்தாக்கு அமெரிக்கத் தொழில் வளர்ச்சியின் முதன்மையான களங்களுள் ஒன்று. சிற்றாறு மொனொங்கஹேலா ஆற்றுடன் கலக்கும் இடத்தில் ஆண்ட்ரூ கார்னெகியின் எட்கர் தாம்சன் எஃகு ஆலை 1875 இல் உற்பத்தியைத் தொடங்கியது. மேற்புறத்தில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் மின்பொறித் தொழிற்சாலை எழுந்தது. 1920 இல் கேடிகேஏ வானொலி அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியதும் இத்தொழிற்சாலையிலிருந்தே.

நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த லிங்கன் நெடுஞ்சாலை இவ்வழியே சென்றது. வாகனங்கள் செங்குத்தான சரிவில் இறங்கி, நெரிசலான தெருக்களைக் கடந்து, மறுபுறச் சரிவில் ஏற வேண்டியிருந்தது. இரு மேடுகளையும் நேராக இணைத்து இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக 1930 இல் பாலப்பணி தொடங்கப்பட்டது.

அமைப்பு

பாலம் ஐந்து வளைவுகளைக் கொண்டது. மொத்த நீளம் சுமார் 487 மீட்டர். நடு வளைவின் நீளம் 140 மீட்டர் (460 அடி). சாலைத் தளம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சுமார் 73 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிற்றாறு, தொடருந்துப் பாதைகள், தொழிற்சாலை நிலம் ஆகியவை கீழே அமைந்திருந்ததால், தூண்களின் எண்ணிக்கையைக் குறைக்க நீண்ட வளைவுகள் உதவின.

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையை அவ்வாறு தாங்காது. வளைவில் சுமை பெரும்பாலும் அமுக்கவிசையாக மாறி, இரு முனைகளிலும் உள்ள அடித்தளங்களைச் சென்றடைகிறது. எனவே இத்தகைய பாலங்களுக்கு வளைவு வடிவம் பொருத்தமானது.

பாலத்தின் முனைகளிலுள்ள தூபிகளில், இப்பகுதியின் வரலாற்றைக் காட்டும் பிராங்க் விட்டரின் புடைப்புச் சிற்பங்கள் இடம்பெற்றுள்ளன.

பெயர்

தொடருந்துகளுக்கான காற்றுத் தடுப்பைக் கண்டுபிடித்தவரும், மாறுதிசை மின்னோட்டத்தைப் பரவலாக்கியவருமான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுசின் (1846-1914) நினைவாக இப்பாலத்துக்குப் பெயரிடப்பட்டது.

பிற்காலம்

1977 இல் இப்பாலம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பல்லாயிரம் பேருக்கு வேலையளித்த வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலை 1988 இல் மூடப்பட்டு, அதன் கட்டடங்கள் சிறு நிறுவனங்களுக்கான தொழிற்பூங்காவாக மாற்றப்பட்டன. தொழிற்சாலை மறைந்த பின்னரும், அதன் நிறுவனர் பெயரைத் தாங்கிய பாலம் அமெரிக்க நெடுஞ்சாலை 30 இன் பகுதியாகத் தொடர்ந்து பயன்பட்டு வருகிறது.