வருதலும் செல்லுதலும்

நுழையும்முன்

ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்தல் எல்லா உயிர்க்கும் பொது. அதனைச் சொல்லும் முறையோ மொழிக்கு மொழி வேறுபடும். ‘வா’, ‘போ’ என்னும் எளிய சொற்களுக்குள் பேசுவோர் நிற்கும் இடமும் கேட்போர் நிற்கும் இடமும் பொதிந்துள்ளன. ஆங்கிலத்தின் பெயர்ச்சிச் சொற்களோடு ஒப்பிட்டு அவ்வேறுபாட்டை விளக்குகிறது இக்கட்டுரை.

ஊர் வருகிறது

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே ஓடியது. அம்பத்தூரும் ஆவடியும் அவ்வழித்தடத்தில் அமைந்த ஊர்கள். இன்று அங்கு ஓடும் மின்தொடர் வண்டி கொரட்டூரைக் கடந்ததும், “அடுத்துப் பட்டரவாக்கம், பிறகு அம்பத்தூர் வரும்” என்று பயணியர் பேசிக்கொள்வர். அதே வேளையில் அம்பத்தூர் நடைமேடையில் நிற்போர், “வண்டி வருகிறது” என்பர். பேருந்து நடத்துநரும், “பூந்தமல்லி வந்துவிட்டது, இறங்குங்கள்” என்றே குரல் கொடுப்பார்.

ஓடுவது வண்டி, ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆயினும், ஊர் வருவதாகச் சொல்வதை எவரும் பிழையெனக் கொள்வதில்லை. வண்டிக்குள் இருப்பவர் தம்மை நடுவாக வைத்துப் பார்க்கிறார். அவரை நெருங்கும் எதுவும் அவருக்கு ‘வருவது’ ஆகிறது. நடைமேடையில் நிற்பவருக்கு வண்டி நெருங்குகிறது. அவருக்கு அதுவே ‘வருவது’. ஆகவே, ‘வா’ என்னும் வினை பெயர்ச்சியை மட்டும் குறிப்பதன்று. அதனை நோக்குவோர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே உணர்த்துகிறது.

ஒரு பயணம், இரு வினைகள்

ஆவடியில் வாழும் மாணவி ஒருத்தி, பூந்தமல்லியில் உள்ள தோழியிடம் தொலைபேசியில், “நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்” என்கிறாள். பிறகு தன் தாயிடம், “அம்மா, நாளை பூந்தமல்லிக்குப் போகிறேன்” என்கிறாள். பயணம் ஒன்றே, ஏறும் பேருந்தும் ஒன்றே. கேட்பவர் மாறியதும் வினை மாறிவிட்டது. தோழி இருக்கும் இடத்தை நோக்கிய பெயர்ச்சி ‘வருதல்’ ஆயிற்று. பேசுவோரும் கேட்போரும் இல்லாத மூன்றாம் இடத்தை நோக்கிய பெயர்ச்சி ‘போதல்’ ஆயிற்று.

“மாமா வீட்டுக்கு வருகிறாயா?” என்று ஒருவர் தம் வீட்டிலிருந்து கேட்டால், கேட்பவரும் உடன் செல்கிறார் என்பது பொருள். “மாமா வீட்டுக்குப் போகிறாயா?” என்னும் வினாவில் அவ்வுறுதி இல்லை. ஒரு வினைச்சொல்லின் மாற்றம் துணை உண்டா, இல்லையா என்பதையே தெரிவித்துவிடுகிறது.

இலக்கணம் கண்ட உண்மை

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் அன்றே உணர்ந்து விதி வகுத்துள்ளார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கும் ஒருங்கே பேசப்படுகின்றன. அவற்றுள் வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் பொதுவியலில் இவ்விதியைப் போற்றுகிறது.

‘என்னிடம் வந்தான்’, ‘உன்னிடம் வந்தான்’, ‘அவனிடம் சென்றான்’ என்பனவும், ‘எனக்குத் தந்தான்’, ‘உனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்பனவும் இவ்விதிப்படி அமைந்த தொடர்கள். பெயர்வது ஆளாயினும் பொருளாயினும் அது யாரை நோக்கிச் செல்கிறது என்பதே இங்கு வினையை முடிவு செய்கிறது. இன்றைய தமிழ்ப் பேச்சில் தருதலும் கொடுத்தலும் ஓரளவு கலந்துவிட்டன. மலையாளத்திலோ அவ்வேறுபாடு இன்றும் வழக்கில் உறுதியாக நிற்கிறது.

ஆங்கிலம் காட்டும் வேறுபாடு

ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’ என்னும் சொற்களும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. அழைத்தவரை நோக்கி, “ஐ ஆம் கமிங்” என்று ஆங்கிலேயர் விடையளிப்பர். தமிழரும் “வருகிறேன்” என்பர். ஆனால், எல்லா மொழிகளும் இவ்வாறு கொள்வதில்லை. அதே சூழலில் ஜப்பானியரும் ஸ்பானியரும் ‘போகிறேன்’ எனப் பொருள்படும் வினையையே ஆள்வர். அம்மொழிகளில் ‘வருதல்’ பேசுவோர் இருக்கும் இடத்திற்கே உரியது.

‘பிரிங்’, ‘டேக்’ என்பன முறையே ‘கொண்டுவா’, ‘கொண்டுபோ’ என்பவற்றுக்கு இணையானவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள மேற்பார்வையாளர் ஒருவர், உதிரிப் பாகங்களை ஆவடியில் ஒப்படைக்குமாறு ஊழியருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவதாகக் கொள்வோம். ‘டேக்’ என்று எழுதினால் ஊழியர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ‘பிரிங்’ என்று எழுதினாலோ, மேற்பார்வையாளரும் ஆவடியில் இருப்பார் என எண்ணி அங்கே அவருக்காகக் காத்திருக்க நேரும். ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு நாளின் உழைப்பே வீணாகக்கூடும். ‘ஃபெட்ச்’ என்னும் சொல்லோ போதல், எடுத்தல், மீண்டு வருதல் ஆகிய மூன்றையும் அடக்கியது. தமிழில் அதனைப் ‘போய் எடுத்துவா’ என விரித்தே சொல்ல வேண்டும்.

முறையும் வழியும்

பெயர்ச்சியில் இரு கூறுகள் உள்ளன. எவ்வாறு பெயர்ந்தது என்பது முறை. எத்திசையில் பெயர்ந்தது என்பது வழி. வினைச்சொல் எக்கூற்றைத் தாங்குகிறது என்பதைக் கொண்டு உலக மொழிகளை வகைப்படுத்தியவர் அமெரிக்க மொழியியலறிஞர் லெனார்ட் தால்மி. ஆங்கில வினை பெரும்பாலும் முறையைத் தாங்கும். வழியை உடன்வரும் சிறு சொல் காட்டும். “ரேன் அவுட்” என்பதில் ‘ரேன்’ ஓட்டத்தையும் ‘அவுட்’ வெளியேறுதலையும் குறிக்கின்றன. தமிழிலோ ஏறு, இறங்கு, நுழை, கட, வெளியேறு என வழியைத் தாங்கும் வினைகள் மிகுதி. முறையை வினையெச்சம் காட்டும். ‘ஓடி வெளியேறினான்’ என்பதே தமிழின் இயல்பான நடை.

இதனால் தமிழில் முறை குறித்த சொற்கள் குறைவு என்று கருதலாகாது. குழந்தை தவழ்கிறது, எறும்பு ஊர்கிறது. ஆங்கிலத்தின் ‘க்ரால்’ இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நெரிசல் மிகுந்த பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டிகள் ‘ஊர்ந்து செல்கின்றன’ என்போமேயன்றித் ‘தவழ்ந்து செல்கின்றன’ என்னோம்.

போய் வருகிறேன்

வீட்டிலிருந்து புறப்படுவோர் ‘போகிறேன்’ என்று சொல்வதைத் தமிழ் மரபு விரும்புவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதே வழக்கு. இதனை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, “ஐ வில் கோ அண்ட் கம்” என்று கூறும் மாணவர் நகைப்புக்கு ஆளாவதுண்டு. ஆங்கில வழக்கின்படி அது பொருந்தாத் தொடர்தான். “ஐ வில் பி பேக்” என்பதே அங்கு இயல்பு. எனினும், அத்தொடர் அறியாமையால் மட்டும் பிறந்ததன்று. செல்பவர் மீண்டும் இவ்வீட்டையே நோக்கித் திரும்புவார் என்னும் உறுதியைத் தமிழர் வினையிலேயே வைத்துப் பழகியவர். பிழையாகிய அத்தொடரிலும் அவ்வுறுதியே ஒலிக்கிறது.

‘போக்குவரத்து’ என்னும் சொல்லிலும் போதலும் வருதலும் இணைந்தே நிற்கின்றன. பயணத்தைக் குறித்த ‘செலவு’ கைவிட்டுச் செல்லும் பொருளையும், ‘வரவு’ கைக்கு வரும் பொருளையும் இன்று குறிக்கின்றன. எனவே, பெயர்ச்சிச் சொல்லை மொழிபெயர்ப்போர்க்கு அகராதி மட்டும் போதாது. பேசுவோர் எங்கு நிற்கிறார், கேட்போர் எங்கு நிற்கிறார் என்று கண்டறிந்த பின்னரே உரிய சொல் அமையும்.

கற்பவை கற்றபின்

1. ஒரே பயணத்தைத் தாயிடமும், சென்றுசேரும் ஊரில் உள்ள உறவினரிடமும் கூறுவதாக இரு தொடர்கள் எழுதி, வினை வேறுபாட்டை விளக்குக.

2. உலவு, திரி, அலை, நகர், விரை ஆகிய வினைகளைத் தொடரில் அமைத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.