ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று: பெயர், பொருள், வேளை

ஆய்வுச் சுருக்கம்

வெள்ளைச் சர்க்கரையைக் கைவிட விரும்புவோர் பலர் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றை அதற்கு மாற்றாகக் கொள்கின்றனர். இம்மாற்றம் பெயரளவில் பெரிதாகத் தோன்றினும், உடலில் சேரும் சர்க்கரையின் அளவைப் பெரிதும் குறைப்பதில்லை. இதனை விளக்கும் இக்கட்டுரை, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் முறைப்பணி செய்வோரின் உணவுச் சூழலை முன்வைத்து ஒரு கருத்தை நிறுவ முயல்கின்றது. மாற்றப்பட வேண்டியது இனிப்பின் வகை அன்று. இனிப்புத் தேநீரால் நிரப்பப்படும் உணவு வேளையே என்பது அக்கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, முறைப்பணி, ஆலை உணவகம், மாற்று உணவு.

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எனவும், தெற்கே வல்லம், ஒரகடம் எனவும் விரிந்துள்ள தொழிற்பகுதி 1990களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் மகிழுந்து ஆலையும் இயங்கத் தொடங்கின. ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பரப்பில் இன்று இரவு பகலாக முறைப்பணி நடைபெறுகின்றது.

இந்நிலப்பரப்புக்கும் கரும்புக்கும் உள்ள உறவு பழைமையானது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, அவன் நாட்டு மருத நிலத்தில் கரும்பு ஆட்டும் எந்திரங்களையும் சாறு காய்ச்சும் ஆலைகளின் புகையையும் காட்டுகின்றது. அன்று விருந்தாக அமைந்த இனிப்பு, இன்று நாள்தோறும் பலமுறை உட்கொள்ளப்படும் பொருளாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு எனக் கண்டது. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 14.4 விழுக்காடு. நீரிழிவுக்குச் சர்க்கரை மட்டுமே காரணம் அன்று. பரம்பரை, உடற்பருமன், உழைப்பின்மை, மாவுணவின் மிகுதி, உறக்கக் குலைவு எனப் பல காரணங்கள் உள்ளன. எனினும் உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையே எளிதில் குறைக்கத்தக்கது என்பதால் அது முதன்மையான கவனத்தைப் பெறுகின்றது.

சொல்லும் பொருளும்

‘சர்க்கரை’ என்னும் சொல் வடமொழிச் ‘சர்க்கரா’விலிருந்து வந்தது. தமிழில் அது நெடுங்காலம் பழுப்பு நிறக் கரும்புச் சர்க்கரையையே குறித்தது. வெல்லமிட்டுச் செய்யும் பொங்கல் இன்றும் ‘சர்க்கரைப் பொங்கல்’ எனப்படுவது இதற்குச் சான்று. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெள்ளைச் சர்க்கரைக்குச் ‘சீனி’ என்பதே பெயர். அது சீன நாட்டுத் தொடர்பைக் காட்டுவது. ‘அஸ்கா’ என்னும் மற்றொரு வழக்கு, அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அஸ்கா என்னும் ஊரின் சர்க்கரை ஆலையால் ஏற்பட்டது. அவ்வூர் இன்று ஒடிசாவில் உள்ளது.

ஆலைச் சர்க்கரை பரவியபின், பழைய பொருளைக் குறிக்க ‘நாட்டு’ என்னும் அடை தேவைப்பட்டது. அடையற்ற ‘சர்க்கரை’ வடமாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரைக்கே உரியதாயிற்று. நீரிழிவு ‘சர்க்கரை நோய்’ என வழங்கப்பெற்றபோது, நோய்க்குக் காரணம் வெள்ளைச் சர்க்கரை மட்டுமே என்னும் எண்ணத்திற்கு அப்பெயரே இடமளித்தது. அந்நோய்ப் பெயரிலுள்ள சர்க்கரை குருதியிலுள்ள குளுக்கோசைக் குறிப்பது. அது வெள்ளைச் சர்க்கரையிலிருந்தும் வரும்; வெல்லத்திலிருந்தும் சோற்றிலிருந்தும் வரும்.

வெல்லம் மாற்றாகுமா?

வெள்ளைச் சர்க்கரையில் 99 விழுக்காட்டுக்கு மேல் சுக்ரோசு உள்ளது. கரும்புச்சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும்போது கழிவுப்பாகு நீக்கப்படுகின்றது. வெல்லத்தில் அது நீக்கப்படுவதில்லை. எனவே ஈரப்பதமும் தாது உப்புகளும் வெல்லத்தில் எஞ்சுகின்றன. கருப்பட்டி, சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் காக்கப்பட்ட பதநீரைக் காய்ச்சிப் பெறப்படுவது. இவ்விரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோசே. 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 400 கிலோ கலோரி தருமெனில், அதே அளவு வெல்லம் ஏறத்தாழ 380 கிலோ கலோரி தருகின்றது. வெல்லத்தில் தாது உப்புகள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஒரு குவளைத் தேநீரில் இடும் ஐந்து அல்லது பத்து கிராமில் அவற்றின் அளவு மிகச் சிறிது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனிச்சர்க்கரைகள் நாளாந்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும் என்றது. 5 விழுக்காட்டுக்குள் அமைவது மேலும் நன்று என்றும் கூறியது. 2000 கிலோ கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். உணவில் சேர்க்கப்படும் எவ்வகைச் சர்க்கரையும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும் இவ்வரையறைக்குள் அடங்கும். முழுப் பழத்திலுள்ள சர்க்கரை அடங்காது. அந்நிறுவனம் 2023-இல், உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டா எனவும் பரிந்துரைத்தது. சீனித்துளசிச் சாறும் இதில் அடங்கும். முன்னரே நீரிழிவு உள்ளோருக்கு இப்பரிந்துரை பொருந்தாது.

கருப்பட்டியைச் சுவைக்காகவும் பனைத்தொழிலாளரின் வாழ்வுக்காகவும் வாங்குவது தக்கதே. அதனை மருந்தாகக் கருதி அளவின்றி உண்பதே பிழை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் வெள்ளைச் சர்க்கரை கலக்கப்படுவது உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டுள்ளதும் இங்குக் கருதத்தக்கது.

முறைப்பணியும் தேநீர் வேளையும்

ஆலைப் பணியாளரின் நாள், முறை மாறுந்தோறும் மாறுகின்றது. காலை முறைக்குச் செல்வோர் விடியுமுன் பேருந்தேறுகின்றனர். இரவு முறை முடிப்போர் பகலில் உறங்குகின்றனர். உணவு வேளை தவறும்போது பசியையும் உறக்கத்தையும் தள்ளிப்போடத் துணையாவது தேநீர். பெரிய உணவகங்களில் அது பெரும்பாலும் சர்க்கரை கலந்தே வருகின்றது. ஒரு குவளைக்கு இரு தேக்கரண்டி, அதாவது 8 முதல் 10 கிராம் எனக் கொண்டால், ஐந்து குவளைகளில் 40 முதல் 50 கிராம் சேர்கின்றது. உடன் உண்ணும் பிசுக்கோத்து, பன் ஆகியவற்றின் சர்க்கரை இதில் சேரவில்லை. தேநீரால் மட்டுமே ஒருவர் 25 கிராம் எல்லையைக் கடந்துவிடுகின்றார்.

இங்குச் சர்க்கரை சுவைப்பொருளாக மட்டும் அமையவில்லை. இரு உணவுகளுக்கு இடையிலான பசிக்கு விடையாகவும் அமைகின்றது. இதனால்தான் ‘சர்க்கரையைக் கைவிடுக’ என்னும் அறிவுரை நெடுநாள் நிலைப்பதில்லை. இனிப்பு நீங்கிய இடத்தில் பசி எஞ்சுகின்றது. வெல்லத் தேநீர் அப்பசியைத் தீர்ப்பதில்லை, சர்க்கரையையும் குறைப்பதில்லை.

மாற்று உணவுகள்

மாற்று என்பது பசியாற்றுவதாகவும், விலை குறைந்ததாகவும், குறுகிய இடைவேளையில் உண்ணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தும் உணவுகள் இவ்வட்டாரத்திற்குப் புதியன அல்ல. 30 கிராம் வேர்க்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும் போதிய நார்ச்சத்தும் உள்ளன. பொரிகடலை கெடாமல் இருப்பதால் இரவு முறைக்கு ஏற்றது. மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்த காஞ்சிபுரம் இட்லி, இனிப்பின்றியும் சிற்றுண்டி மணமும் சுவையும் பெறும் என்பதற்கு அருகிலேயே உள்ள சான்று. கோடையில் மோரும் கேழ்வரகுக் கூழும், பருவந்தோறும் கொய்யா, நெல்லிக்காய், நுங்கு, பனங்கிழங்கு ஆகியனவும் பொருந்தும். கூழும் மாவுணவே என்பதால் நீரிழிவு உள்ளோர் அதன் அளவைக் கருதுதல் வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாது உணவைத் திடீரென மாற்றின் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ நேரிடும்.

தேநீரில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துவதினும் இரு வாரங்களுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி குறைப்பது எளிது. குறைந்த இனிப்புக்கு நாக்கு படிப்படியாகப் பழகும்.

அடுக்களையின் உரிமை

இவ்வறிவுரைகள் அனைத்தும் உண்பவருக்குத் தனி அடுக்களை உண்டு எனக் கருதுவன. விடுதியில் வாழும் பணியாளருக்கு அஃது இல்லை. நியாயவிலைக் கடையில் அரிசிக்கு மாற்றாகக் கூடுதல் சர்க்கரை பெறச் ‘சர்க்கரை அட்டை’ என்றொரு வகையையே கொண்ட தமிழ்நாட்டில், பொது வழங்கலும் சர்க்கரையை இன்றியமையாப் பொருளாகவே நிறுத்தியுள்ளது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதால் மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர் 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, உடன்பணிபுரிவோர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். தம் தட்டில் விழுவதைத் தாம் முடிவு செய்ய இயலாமை அந்நிகழ்வில் வெளிப்பட்டது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. அத்தனை பேரும் நாளொன்றுக்கு இரு குவளை, குவளைக்கு 10 கிராம் சர்க்கரையுடன் தேநீர் அருந்துவதாகக் கொண்டால், ஒரு நாள் தேவை ஏறத்தாழ 374 கிலோ. குவளைக்கு 5 கிராம் என்னும் ஒரே முடிவு அதனைப் பாதியாக்கும். தனிமனித மனவுறுதியால் எய்த இயலாத மாற்றம் பொது அடுக்களையில் எளிதாகின்றது.

இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250-க்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க விதிகள் இயற்ற வழிசெய்தது. உணவக மேலாண்மையில் தொழிலாளர் பங்குபெறும் குழுவையும் அது கருதியது. 2020-ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உணவகத்திற்கான எண்ணிக்கையை 100 எனக் குறைத்தது. தேநீரில் சர்க்கரையைக் கலவாமல் தனியே வைத்தல், இடைவேளையில் பிசுக்கோத்துக்கு மாற்றாகச் சுண்டல் வழங்கல் ஆகிய இரண்டும் இத்தகைய குழுவில் தொழிலாளர் எழுப்பத்தக்க கோரிக்கைகளாகும்.

முடிவுரை

வெள்ளைச் சர்க்கரையிலிருந்து நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவது பெயர் மாற்றமாகவே எஞ்சுகின்றது. முறைப்பணியாளர் வாழ்வில் சர்க்கரை, தவறிய உணவின் இடத்தை நிரப்புகின்றது. ஆதலின் அதற்கு உரிய மாற்று உணவே அன்றி இன்னோர் இனிப்பு அன்று. அவ்வுணவைத் தேர்வு செய்யும் வாய்ப்பு விடுதி, ஆலை உணவகங்களின் பொது அடுக்களையில் அமைந்துள்ளமையால், சர்க்கரைக் குறைப்பைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் காணாது தொழிலாளர் நலக் கூறாகவும் காண்பது தேவையாகின்றது.