சொல்லாமல் வரும் கடல்

கரையோரக் கணக்கு – 9

முட்டம் பாறையில் உட்கார்ந்து அலை எண்ணுவது எனக்குப் பழைய பழக்கம். எத்தனை அலை என்றல்ல. ஓர் அலை மோதிய பின் அடுத்தது மோத எத்தனை நொடி ஆகிறது என்று. சாதாரண நாளில் எட்டு, பத்து நொடிக்குள் வந்துவிடும். ஒரு சித்திரை மாதக் காலையில் பதினேழு எண்ணியும் வரவில்லை. காற்று இல்லை, வானத்தில் மேகப் பொட்டு இல்லை. பதினெட்டில் வந்த அலை உயரத்தில் பெரிதுமில்லை. ஆனால் பாறைமேல் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கழற்றி வைத்திருந்த செருப்பு போயிற்று.

இதற்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். புயலுக்குக் கட்டியம் கூறக் காற்றும் மழையும் உண்டு; இது கள்ளனைப்போல ஓசையில்லாமல் ஊருக்குள் புகும். கேரளக் கரை மீனவர்களின் இந்த வாய்ச்சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது.

கள்ளன் எந்த ஊர்? கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால், சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு மணல்திட்டுகூடக் கிடையாது. பிறகு ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று இரண்டு குட்டித் தீவுகள், அப்புறம் அண்டார்டிகாதான். அந்தத் தென்கடலில் மேற்குக் காற்று ஓய்வதே இல்லை. அங்கே பெரும்புயல் நாள்கணக்கில் கடலைக் கடையும்போது நீண்ட அலைகள் பிறக்கின்றன. 18 நொடி இடைவெளி உள்ள அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே, ஆழ்கடலில் அரைக் கிலோமீட்டர் தூரம். அந்த அலைக்கூட்டம் ஒரு நாளில் சுமார் 1,200 கிலோமீட்டர் நகரும். நாலைந்து நாளில் நம் வாசல். நடுக்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு லேசாகத் தூக்கி இறக்குவதுபோலத்தான் இருக்கும். கரையை நெருங்கித் தரை தட்டியதும் வேகம் குறைகிறது, அலை எழும்புகிறது, நீர் குவிகிறது. பௌர்ணமி, அமாவாசை ஏற்றமும் சேர்ந்தால் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும்.

2007 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே மூண்ட புயலின் அலைகள் முதலில் ரீயூனியன் தீவை அடித்தன. சில நாளில் மாலத்தீவின் பல தீவுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. சுனாமியைப் பார்த்த நம்மவர்கள் இதையும் அதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அது நிலநடுக்கத்தின் பிள்ளை. இது காற்றின் பிள்ளை.

காற்றின் பிள்ளை என்பதால் இதை முன்கூட்டியே கணிக்க முடியும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கணித்துச் சொல்கிறது: படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், கரையில் நிற்காதீர்கள். 2024 மே முதல் வாரத்திலும் எச்சரிக்கை வந்தது. ஆனாலும் மே 5 அன்று தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு சிறுமியைக் கடல் கொண்டுபோனது. மறுநாள் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள்.

வானம் வெளுத்திருந்தால் கடலும் நல்லது என்று நாம் நம்புகிறோம். கரையில் நிற்கும் அலையோ நேற்றைய காற்றும் அல்ல, நம் காற்றும் அல்ல; போன வாரம், வேறொரு வானத்தின் கீழ் அடித்த காற்று. கடலில் கால் நனைக்கும் முன் இரண்டு நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டினால் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

(அடுத்த வாரம்: தூண்டில் வளைவு யார் மணலைப் பிடிக்கிறது?)