பழைய வேட்டியும் பச்சைக் குழந்தையும்

பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவதைப் பலரும் சிக்கனம் என்றே நினைக்கிறார்கள். அதில் நல்ல அறிவியலும் இருக்கிறது. பருத்தி இழையின் பெரும்பகுதி செல்லுலோஸ். அது தண்ணீரை விரும்பி இழுத்துக்கொள்ளும். ஆனால், புதுத் துணியின் மேல் கஞ்சியும் மெருகுப் பூச்சும் ஒட்டியிருக்கும். கடையிலிருந்து வந்த புதுத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல நேரம் அப்படியே உருண்டு நிற்கும். துவைத்துத் துவைத்துத் தளர்ந்த வேட்டியில் விட்டால், விழுந்த கணமே பரவிவிடும்.

டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். இரவுக்கும் பயணத்துக்கும் அது பெரிய உதவிதான். ஆனால் அந்தக் கூழும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் மட்காமல் குப்பைமேட்டில் கிடக்கின்றன.

அப்படியென்றால் துணி கட்டினாலே சுற்றுச்சூழலுக்கு நல்லதா? பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுக்கு டயப்பர் பயன்படுத்தினால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயுக்கள் வெளியாகும் என்று அது கணக்கிட்டது. துணிக்கு அது சுமார் 570 கிலோ! காரணம் துணியல்ல, அதைத் துவைக்கவும் மின் உலர்த்தியில் காயவைக்கவும் செலவான மின்சாரம். மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அதே துணிகளை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் சுமார் 200 கிலோ குறையும் என்றது அதே ஆய்வு. மொட்டைமாடிக் கொடியும், அக்கா பிள்ளையின் துணி தம்பி பிள்ளைக்கு வருவதும் நமக்குப் பழகிய வழக்கங்கள். இந்தக் கணக்கில் நாம் முன்னாலேயே நிற்கிறோம். அதை விட்டுவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

துணி கட்டினால் புண் வரும் என்ற பயம் உண்டு. புண்ணுக்கு முக்கியக் காரணம் நெடுநேரம் மாற்றாத ஈரம். சிறுநீரில் உள்ள யூரியாவை மலத்தின் பாக்டீரியாக்கள் அமோனியாவாக உடைக்கின்றன. தோலின் மேல் காரத்தன்மை ஏறுகிறது. மலத்தோடு வெளிவரும் செரிமான நொதிகள் அந்தக் காரத்தில் சுறுசுறுப்பாகி, புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் தங்கள் வேலையைக் குழந்தையின் தோலிலேயே காட்டுகின்றன. டயப்பரில் ஈரம் வெளியே தெரியாது. துணியில் உடனே தெரியும். தெரிந்ததும் மாற்றினால் போதும்.

துவைப்பதில்தான் சூட்சுமம். மலம் பட்ட துணியில் முதலிலேயே வெந்நீர் ஊற்றாதீர்கள். சூட்டில் புரதம் முட்டை வெள்ளைபோல் இறுகிக் கறையாகப் பதிந்துவிடும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு சோப்புத்தூள், 60 டிகிரி வெந்நீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கட்டிச் சோப்பைவிடத் தூளே நல்லது. அந்தத் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்து, இழைகளில் வெள்ளையாய்ப் படிந்துவிடும். துணி விறைத்து, உறிஞ்சும் சக்தியை இழக்கும். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டிகளும் இழையின் மேல் கொழுப்புப் படலம் போர்த்தி அதே கேட்டைச் செய்கின்றன. கடைசி அலசலில் டெட்டால் விடும் பழக்கமும் வேண்டாம், தோலை உறுத்தும். நுரை போகும்வரை அலசினாலே போதும்.

நல்ல வெயிலில் புற ஊதாக் கதிர் கறையை வெளுக்கும், எஞ்சிய கிருமிகளையும் ஒடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதற்கு வழியில்லை. மின்விசிறிக் காற்றில் இடைவெளி விட்டு விரித்துப் போட்டு, மிச்ச ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கிவிடலாம். அரை ஈரத்தில் மடித்து அடுக்கிய துணியில்தான் பூஞ்சை பிடிக்கும்.