வெள்ளைத் தாளில் ஐந்து பெயர்கள்

ஏப்ரல் 14, 2024. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ரப் அரங்கம் நிரம்பி வழிகிறது. ஆட்டம் எதுவும் இல்லை. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் புதிய பயிற்சியாளர் மார்க் போப்பை வரவேற்க வந்த கூட்டம் அது. 1996-ல் இதே அணி பட்டம் வென்றபோது அதில் ஆடியவர் போப். ஆனால் கைதட்டல் ஓய்ந்ததும் அவர் முன் நின்ற பிரச்சினை ஒன்றுதான்: பயிற்சி அளிக்க அணியே இல்லை.

15 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த ஜான் கலிபாரி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களில் சிலர் அவர் பின்னால் சென்றனர். சிலர் தொழில்முறை ஆட்டத்துக்கும் வேறு கல்லூரிகளுக்கும். விளையாட்டு உதவித்தொகை பெற்றவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

முன்பெல்லாம் அடுத்த பருவத்துக்கான ஐவரைத் தேர்வு செய்வது எளிது. மூத்தவர் படிப்பு முடிந்து போவார். பெஞ்சில் காத்திருந்தவர் களமிறங்குவார். கல்லூரி மாறினால் ஓராண்டு ஆட முடியாது என்பதால் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. தன் பெயரை விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கவும் அதே ஆண்டு அனுமதி கிடைத்தது. 2024-ல், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் சந்தை களைகட்டுகிறது.

அந்தச் சந்தையில் போப் தேடியது நட்சத்திரங்களை அல்ல, வேலைக்கு ஏற்ற ஆட்களை. எதிரணியின் பந்து கடத்துபவரை முடக்க, சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து லமாண்ட் பட்லர். தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிய, போப்பின் பழைய அணியான பிரிகாம் யங்கிலிருந்து ஜாக்சன் ராபின்சன். வளையத்தை நோக்கிப் பாய, ஓக்லஹோமாவின் ஒடேகா ஓவே. உயரமாகவும் இருந்து வெளியிலிருந்தும் எறிய, வேக் ஃபாரஸ்ட்டின் ஆண்ட்ரூ கார். நடுவில் நின்று மற்றவர்களுக்குப் பந்தைப் பிரித்துத் தர, டிரெக்சலிலிருந்து ஏழடி உயர அமாரி வில்லியம்ஸ். ஐந்து கல்லூரிகள், ஒரே அணி.

நவம்பர் 2024-ல் இவர்கள் டியூக்கை 77-72 என்று வீழ்த்தியபோது திட்டம் பலித்தது போலிருந்தது. பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை. பட்லருக்குத் தோளில் காயம். ராபின்சனுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை, பருவமே முடிந்தது. எழுதிய ஐவரும் சேர்ந்தே ஆடுவார்கள் என்று எந்தத் தாளும் உத்தரவாதம் தருவதில்லை. இருந்தும் 2019-க்குப் பிறகு முதல் முறையாகக் கென்டக்கி தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளுக்குள் நுழைந்தது. அங்கே, அந்தப் பருவத்தில் இரண்டு முறை தோற்கடித்திருந்த டென்னசியிடம் 78-65 என்று வீழ்ந்தது.

ஐவரில் நால்வருக்கு அதுவே கல்லூரி ஆட்டத்தின் கடைசி ஆண்டு. ஓவேகூடத் தொழில்முறை வாய்ப்பை எடைபோட்டுப் பார்த்துவிட்டு மே 2025-ல்தான் திரும்ப முடிவு செய்தார். போப் மறுபடியும் தாளை எடுக்க வேண்டியிருந்தது. இம்முறை அதில் ஒரு பெயராவது மிச்சமிருந்தது.